மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்

பழைய காரொன்றைப் புதுப்பிக்க இறங்குபவர்கள் முதலில் ஓர் ஆண்டைத் தெரிவுசெய்ய வேண்டியிருக்கிறது. இந்த உண்மை எங்களுக்கு வேலை தொடங்கி ஐந்து மாதங்களுக்குப் பிறகே விளங்கியது. அதுவரை நாங்கள் துருவைப் பற்றியும் தகட்டைப் பற்றியும் மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம்.

கார் பெரியப்பாவுடையது. 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. அவர் காலமான பின் வலிகாமத்து வீட்டின் மாமரத்தடியில், பக்கத்தில் ஒரு புற்றும் எழும்பிய நிலையில், பல வருடங்கள் நின்றது. 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பழைய கார்களின் விலை ஏறியது. விற்கச் சொல்லி ஆட்களும் வந்தார்கள். அவர்களிடமிருந்து காப்பாற்றவென்றே சகோதரர் மூவர் சேர்ந்து அதைத் திருத்தத் தொடங்கினோம். மூவரில் ஒருவருக்கும் வெல்டிங் தெரியாது.

இந்தக் காரின் கதையே ஒரு வெட்டில்தான் தொடங்குகிறது. இதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் ஸ்மேர்னாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே ஒக்ஸ்போட்டின் கவ்லி தொழிற்சாலையில் 'மொஸ்கிற்றோ' என்ற மறைபெயரில் வேலையைத் தொடங்கினார். எல்லாம் முடிந்து, உற்பத்திக்கான அச்சுகளும் தயாராகிக்கொண்டிருந்த 1947இல், வண்டி ஒடுக்கமாகத் தெரிகிறதென்று அவருக்குப் பட்டது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் செய்து, இரு பாதிகளையும் கண்ணுக்குச் சரியாகும்வரை விலக்கிப் பார்த்தார். இடைவெளி 4 அங்குலம் வந்தது. பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த 4 அங்குலத்தின் அடையாளம். ஏற்கெனவே செய்து அடுக்கியிருந்த பம்பர்களையும் நடுவே வெட்டித் துண்டு வைத்து இணைக்க வேண்டியதாயிற்று. நிறுவனத்தின் தலைவர் நஃபீல்ட் பிரபு இந்தக் காரை ஓடின்றி அவித்த முட்டை என்று இகழ்ந்தார். 1948 இலண்டன் கண்காட்சியில் அறிமுகமான அந்த முட்டை, 1960 இறுதியில் பத்து இலட்சத்தைத் தொட்ட முதல் பிரித்தானியக் காராயிற்று.

இலங்கையில் அது நிலைத்ததற்கு விருப்பம் பாதிக் காரணம். மீதிப் பாதி, வேறு வழியில்லாமை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுகியது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, இருந்த கார்களையே ஓட்டியாக வேண்டும். யாழ்ப்பாணத்தில் தலைமையாசிரியர்களும் வைத்தியர்களும் வைத்திருந்த மைனர்களும், சந்திகளில் வாடகைக்கு நின்ற ஒஸ்ரின் ஏ-40களும் அந்த ஆண்டுகளில் பலமுறை பிரித்துப் பூட்டப்பட்டன. கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்தெடுக்கும் பழக்கம் நம்மவர் கைகளில் ஊறியது அப்போதுதான். பின்னால் வந்த காலத்தை அந்தக் கைகள்தாம் தாங்கின.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபின் பெற்றோல் வடக்கே வருவது தடைசெய்யப்பட்டது. மின்சாரமும் நின்றது. எஞ்சியது மண்ணெண்ணெய், அதுவும் அளவாக, விலையாக. ஜாம் போத்தலில் திரி போட்டு எரித்த சிக்கன விளக்கின் கீழ் படித்தவர்களுக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெயின் பெறுமதி தெரியும். அதே எண்ணெயில்தான் கார்களும் ஓடின. ஒரு நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வந்தால் எத்தனை இரவு விளக்கு எரியாது என்ற கணக்கு ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. பெரியம்மா அந்தக் கணக்கை இன்றும் வாய்ப்பாடுபோல் சொல்லுவார்.

பெற்றோல் என்ஜின் மண்ணெண்ணெயில் எப்படி ஓடும்? இதில் மாயம் ஒன்றுமில்லை. பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கு நல்ல சூடு வேண்டும். ஆகவே குளிர்ந்த என்ஜினைப் பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மாற்றிவிட வேண்டும். மைனரின் என்ஜினில் காபரேற்றரிலிருந்து கலவை உள்ளே போகும் குழாய், புகை வெளியேறும் குழாயின் மேல் ஒட்டி அமர்ந்திருக்கும். குளிர்நாட்டுக்காகச் செய்த அந்த ஏற்பாடு, கொதிக்கும் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயைச் சூடாக்க உதவியது. இரண்டாவது இடைஞ்சல், அழுத்தம். மண்ணெண்ணெய்க் கலவையை அதிகம் அழுத்தினால் தீப்பொறி முறையாக எரித்து முடிக்குமுன் அது தானாக வெடித்து என்ஜினை உள்ளே சம்மட்டியால் தட்டும். 948 சி.சி. என்ஜினில் உயர் அழுத்த வகையின் விகிதம் 8.3:1. அதைக் குறைத்தாக வேண்டும்.

கோவன்றியில் செய்யப்பட்ட ஃபேர்கசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, 1949 முதலே இதே முறையில் ஓடியது: சிறு தாங்கியில் பெற்றோல், பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய மலிவான எண்ணெய், குறைந்த அழுத்தம், நடுவே ஒரு திருகு. பிரித்தானிய விவசாயி அதைக் கடையில் வாங்கினான். நம்மூர்க் கராஜ்காரர் அதை யோசித்துச் செய்தார்.

பெரியப்பா கராஜுக்கும் போகவில்லை. அவர் கணித ஆசிரியர். என்ஜின் தலையைக் கழற்றியபோது ஒரு காஸ்கெற்றுக்குப் பதில் இரண்டும், இடையில் கையால் வெட்டிய செப்புத் தகடும் எங்களுக்குக் கிடைத்தன. எரியறை அந்த அளவுக்கு உயர, அழுத்தம் குறைந்திருக்கிறது. துளைகளின் ஓரம் அரத்தால் அவ்வளவு நுணுக்கமாக ராவப்பட்டிருந்ததைப் பார்த்து நாங்கள் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம். பொனற்றின் உள்ளே, எண்ணெய்ப் பம்புக்கு அருகில், ஓர் இருவழிப் பித்தளை வால்வு. அதற்கு மேலே கம்பியால் கட்டிய ஒரு சிறு தகரம். அதுதான் பெற்றோல் தாங்கி.

அதன் விலையையும் கார் கொடுத்திருந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து என்ஜின் ஒயிலில் கலந்து அதை நீராக்கிவிடும். பெயரிங்குகள் தேய்ந்து, வால்வுகள் கருகிக் கிடந்தன. நிறுத்துவதற்குச் சற்று முன்னர் பெற்றோலுக்குத் திருப்பி, காபரேற்றரை நிரப்பிவிட்டு நிறுத்துவதே முறை. மறந்தால் அடுத்த நாள் கிளம்பாது. பற்றரியும் இல்லாத காலம். பம்பரின் நடுவே கைபிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். பெரியப்பாவின் வலது மணிக்கட்டு ஒருமுறை அந்தக் கைபிடி திருப்பி அடித்து முறிந்தது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது இந்தக் கார் அப்பாச்சியையும் அயல்வீட்டு நிறைமாதப் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு போனது. மழையில், நடந்துபோகும் சனத்தோடு சனமாக ஊர்ந்ததில் என்ஜின் சூடு இறங்க, செம்மணி வெளியில் நின்றுவிட்டது. சிறு தகரத்தில் எஞ்சியிருந்த பெற்றோலில்தான் பாலத்தைத் தாண்டியதாகப் பெரியம்மா சொல்லுவார்.

எங்கள் வழக்கு இங்கே தொடங்கியது. மூவரில் மூத்தவர் பிரித்தானிய மைனர் கழகங்களின் கையேடுகளைப் படித்தவர். தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் இருந்தபடி கார் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. வால்வு, தகரம், செப்புத் தகடு எல்லாம் பிற்சேர்க்கை. வாதத்தில் பலம் இருந்தது. ஆனால் 1958க்குத் திருப்பினால் 1990 எங்கே போகும்? தொழிற்சாலைக்கு உள்ளேயே இரண்டாக அறுத்து ஒட்டப்பட்ட காருக்கு மூலவடிவம் என்று எதைச் சொல்வது? அவருக்கு இந்தக் கேள்வி வெறும் சாமர்த்தியமாகப் பட்டது. அதிலும் நியாயம் உண்டு.

எண்தகட்டைச் சுரண்டியபோது வழக்கு மேலும் சிக்கலாயிற்று. 1957இல் வாகனங்களுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்ததும், தமிழரசுக் கட்சியின் சிறீ எதிர்ப்புப் போராட்டமும், அடுத்த ஆண்டு எழுத்துகளின் மேல் இரு பக்கமும் பூசப்பட்ட தாரும் வாசகர்கள் அறிந்தவை. எங்கள் தகட்டில் மேற்பூச்சின் கீழே சிங்கள ஸ்ரீ; அதன் கீழே, சுரண்டப்பட்டும் அழியாமல், தூரிகையால் எழுதிய தமிழ் ஸ்ரீ. கணித ஆசிரியர் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

தகடுகள் வாங்கப் போனபோது ஒரு வியப்பு. இங்கிலாந்தின் பாத் நகரில் 1976இல் மொறிஸ் மைனர் நிலையமொன்றைத் தொடங்கிய சார்ள்ஸ் வெயர், புதுக் கார் வாங்குவதைவிடப் பழையதைத் தொடர்ந்து திருத்தி வைத்திருப்பதே இலாபம் என்று 1982இல் புத்தகமே எழுதியவர். பின்னர் இலங்கையின் தென்பகுதியில் தொழிற்கூடம் அமைத்து, மைனருக்கான பாகங்களைச் செய்வித்து இங்கிலாந்துக்கு எடுத்தார். வடக்கே மைனர்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தெற்கே அவற்றின் தகடுகள் கப்பலேறிக்கொண்டிருந்தன. எங்களுக்கும் அந்தத் தகடுகளில் சில வாய்த்தன.

மற்ற வேலைகளை விரித்துரைக்கத் தேவையில்லை. தரையும் பக்கப் பெட்டிகளும் மாற்றினோம். டைனமோவுக்குப் பதில் ஒல்ரனேற்றர் வைத்து, நேர்முனை உடலோடு இணைந்த பழைய மின்னமைப்பைத் திருப்பினோம். முன்சக்கரம் திரும்பும் கீழ்மூட்டில் மட்டும் யாரும் சிக்கனம் பார்க்கக் கூடாது. கிறீஸ் காய்ந்தால் மரை தேய்ந்து, ஓடும்போதே சக்கரம் மடிந்துவிடும். முதலோட்டத்தில், நல்லவேளை எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே, வலப்பக்கம் அப்படித்தான் மடிந்தது. பழைய மூட்டே போதும் என்று சொன்னவர் இந்தக் கட்டுரையை எழுதுபவர்களில் ஒருவர்.

செப்புத் தகடு கழற்றப்பட்டது; இனி பெற்றோலில் ஓட அது இடைஞ்சல். தகரமும் போயிற்று. வால்வைக் கழற்ற ஸ்பானரை எடுத்தபோது விறாந்தையிலிருந்து பெரியம்மா, "உதை மட்டும் கழட்டிப் போடாதேங்கோ, தம்பியவை" என்றார். மூத்தவர் ஸ்பானரை வைத்துவிட்டார். இப்போது பெற்றோல் அந்த வால்வின் ஒரு வழியால் போகிறது; மறுவழி அடைத்திருக்கிறது. எண்தகட்டுக்குச் சட்டப்படி புதிய பூச்சு அடித்தோம், பழைய பூச்சுகளைச் சுரண்டாமல்.

சென்ற மாரிக்கு இடப்பக்கத் தரையில் மறுபடி துரு பூத்திருக்கிறது. தகடு வர மூன்று கிழமை ஆகுமாம். அதுவரை கார் மாமரத்தடியில்தான் நிற்கிறது. புற்றை மட்டும் வெட்டிவிட்டோம்.