கர்ப்பிணிக்கு மலச்சிக்கல்: சரகர் காட்டிய நிதானம்

கர்ப்ப காலத்து மலச்சிக்கல் இன்று நேற்று வந்த தொல்லை அல்ல. ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பழமையான சரக சம்ஹிதையே இதைப் பேசுகிறது.

பழைய ஆயுர்வேதத்தில் பேதி மருந்துக்குப் பெரிய இடம் உண்டு. சரக சம்ஹிதையின் கல்பஸ்தானம் என்ற பகுதியில் பேதிக்கு மட்டும் 245 மருந்து முறைகள் உள்ளன. ஆனால் அதே நூல், கர்ப்பிணிக்குப் பேதி மருந்து கொடுக்கக் கூடாது என்கிறது! எனிமா போன்ற வஸ்தி சிகிச்சைகூட அவசரம் என்றால்தான். எண்ணெய் நிறைந்த பாத்திரத்தைத் தளும்பாமல் காப்பது போலக் கர்ப்பிணியைக் காக்க வேண்டும் என்பது அதில் வரும் உவமை.

அப்படியானால் வழி என்ன? முதலில் உணவு. ஒவ்வொரு மாதத்துக்கும் ஓர் உணவு முறை சொல்லப்படுகிறது. முதல் மாதம் பால், நான்காம் மாதம் பாலுடன் வெண்ணெய், எட்டாம் மாதம் நெய் விட்ட பால்கஞ்சி. இப்படி இருந்தால் வாயு கீழ்நோக்கி இயங்கும், மலமும் சிறுநீரும் தடையின்றிப் போகும் என்பது நம்பிக்கை. மலத்தை வெளியேற்றும் அபான வாயுதான் குழந்தையையும் வெளியே தள்ளுகிறது என்று அக்கால மருத்துவர்கள் கருதினார்கள். அதனால் கர்ப்பிணி மலசலத்தை அடக்குவதும் தவறு என்றார்கள்.

எட்டாம் மாதத்தில் கடுமையான மலக்கட்டு வந்தால்? இங்கே நூலின் குரல் மாறுகிறது. அலட்சியப்படுத்தினால் தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து என எச்சரிக்கிறது. எண்ணெய் வஸ்தியால் தீராது எனத் தோன்றினால், பாலில் காய்ச்சிய மூலிகைக் கஷாயத்தை அதிகச் சூடில்லாமல் வஸ்தியாகக் கொடுக்கச் சொல்கிறது. சுஸ்ருத சம்ஹிதையோ ஒரு படி மேலே போகிறது. எட்டாம் மாதத்தில் பொதுவாகவே இலந்தைக் கஷாயத்தில் சதகுப்பை, பால், எண்ணெய், உப்பு, தேன், நெய் முதலியவை கலந்து வஸ்தி கொடுத்து, தேங்கிய பழைய மலத்தை நீக்கச் சொல்கிறது.

இன்றைய மருத்துவம் காரணத்தை வேறு விதமாக விளக்குகிறது. கர்ப்பத்தில் கூடும் புரோஜெஸ்டிரோன் குடலின் வேகத்தைக் குறைக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையும் சிக்கலைக் கூட்டலாம். உணவை மாற்றியும் சரியாகாவிட்டால் கோதுமைத் தவிடு போன்ற நார்ச்சத்தைச் சேர்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. நெய்க்குப் பதில் தவிடு வந்துவிட்டது. ஆனால் முதலில் உணவு, பிறகே மருந்து என்ற வரிசை மாறவில்லை.

பழைய வஸ்தி முறைகளை இன்று வீட்டில் செய்து பார்ப்பது ஆபத்து. விளக்கெண்ணெய் குடிப்பதும் அப்படியே. அது கருப்பையைச் சுருங்கத் தூண்டக்கூடும். சரகரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கஷாயத்தை அல்ல, நிதானத்தை. கையில் 245 பேதி மருந்துகள் இருந்தும் கர்ப்பிணி முன் கையைக் கட்டிக்கொண்ட நிதானம் அது.