உம்மம்மாவின் ஐந்து சதத் தாள்

என்னிடமுள்ள பழைய தாள்காசுகளில் முகப்பெறுமதியில் ஆகச் சிறியது ஐந்து சதம். 1942 ஜூன் 1 என்று திகதியிட்டது. முத்திரைத் தாளில் இருப்பதுபோல நடுவில் ஊசித்துளை வரிசை ஒன்று ஓடுகிறது. ஒரு பாதி இரண்டு சதம், மற்றது மூன்று சதம். சில்லறை இல்லாவிட்டால் துளையோடு கிழித்துக் கொடுக்கலாம். இரண்டாம் உலகப் போர்க்காலம் அது. நாணயம் வார்க்க உலோகம் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டிருந்தன. பத்து, இருபத்தைந்து, ஐம்பது சதங்களும் அப்போது தாளிலேயே வந்தன.

என் உம்மம்மா அந்தத் தாளைக் கிழிக்காமல் வைத்திருந்தார். ஏன் என்று கேட்க எனக்கு அப்போது வயது போதாது.

தாள்காசு சேர்ப்பவர்களுக்கு மடிப்பு ஆகாது. நடுவில் ஒரு கோடு விழுந்தாலே விலை இறங்கிவிடும். கொழும்பு நண்பர் ஒருவர் என் கோப்பைப் புரட்டிவிட்டு, "சேர், இது சேகரிப்பில்ல, கடைக்கார முதலாளிட லாச்சி" என்று சிரித்தார். உண்மைதான். கைபடாத தாளைப் பார்க்க வேண்டுமென்றால் கொழும்புக் கோட்டையில் மத்திய வங்கியின் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். எனக்கு வேண்டியது கைபட்ட தாள்.

தாளை நம்புவது நம்மவர்க்கு இலகுவாக வந்த பழக்கமல்ல. 1884 மே மாதம் ஓரியன்டல் வங்கி முறிந்தது. இலங்கையில் புழங்கிய தாள்களில் பெரும்பகுதி அந்த வங்கியுடையது. நேற்றுவரை காசாக இருந்தது இன்று வெறும் கடதாசி என்ற பயத்தில் சனம் திகைத்து நின்றபோது, ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்தத் தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்தார். அவ்வாண்டே சட்டம் வந்தது. 1885 முதல் அரசாங்கம் தானே தாள் வெளியிட்டது. அதில் ஆகச் சிறியது ஐந்து ரூபா. கூலிக்காரன் கையில் இலகுவில் தங்காத தொகை. முதலாம் உலகப் போரில் வெள்ளி அரிதானபோது, 1917இல், ஒரு ரூபாத் தாளும் இரண்டு ரூபாத் தாளும் வந்தன. ஏழையின் மடிக்குத் தாள் வந்து சேர்ந்தது அப்போதுதான் என்பது என் எண்ணம்.

அரபு நாட்டிலும் இதே கதைதான். ஸவூதியில் வெள்ளி றியாலும் தங்கமும்தான் காசு. 1952இல் தொடங்கிய நாணய நிறுவனத்துக்குத் தாள்காசு வெளியிட அனுமதியே இல்லை. ஹாஜிகள் பாரமான நாணயப் பைகளைச் சுமந்து திரிவதைத் தவிர்க்க 1953இல் 'ஹஜ் யாத்திரிகர் பற்றுச்சீட்டு' என்ற பெயரில் பத்து றியால் சீட்டு அடித்தார்கள். ஹஜ் முடிந்தும் மக்கள் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கடைகளில் காசாகவே ஓடியது. அரபு, பாரசீகம், உருது, துருக்கி, மலாய், ஆங்கிலம் எல்லாம் அதில் உண்டு. தமிழ் இல்லை. ஆனால் 1959இல் இந்திய ரிசர்வ் வங்கி ஹாஜிகளுக்கென்று பத்து ரூபாவும் நூறு ரூபாவும் தனியாக அச்சிட்டது. வழமையான இந்தியத் தாள்களில் போல அவற்றிலும் தமிழ் எழுத்து இருந்தது. ஜித்தாவில் அதை மாற்றியவருக்கு அந்த எழுத்து என்னவென்று தெரிந்திருக்குமோ!

எங்கள் வீட்டுக் கதை 1970 ஒக்டோபரில் வருகிறது. நிதியமைச்சர் என். எம். பெரேரா ஐம்பது, நூறு ரூபாத் தாள்களைச் செல்லாதாக்கினார். குறித்த நாளுக்குள் வங்கியில் கொடுக்கவேண்டும். கறுப்புப் பணக்காரரைப் பிடிக்க விரித்த வலை அது. ஆனால் வட்டிக்குப் பயந்து வங்கிப் படியே மிதிக்காத சோனகத் தெருப் பெரியவர்களும் அந்த வலைக்குள்தான் இருந்தார்கள். உம்மம்மா தகரப்பெட்டியின் அடியில் மறந்துபோன ஒரு நூறு ரூபாவை ஆறு மாதம் கழித்துக் கண்டெடுத்தாராம். அதையும் ஐந்து சதத்தோடு சேர்த்து ஒரு சீலைத்துண்டில் முடிந்துவைத்தார். (செல்லாத காசுக்கு ஸகாத் உண்டா என்று ஒரு மாணவன் என்னிடம் கேட்டான். ஆலிமிடம் கேள் என்று தப்பிக்கொண்டேன்.)

1990 ஒக்டோபர் 30 காலை ஜின்னா மைதானத்துக்கு எல்லோரையும் வரச்சொன்னார்கள். வெளியேற இரண்டு மணித்தியாலம். எவ்வளவு காசு கொண்டுபோகலாம் என்பதில் இன்றும் ஒருமித்த பேச்சில்லை. நூற்றைம்பது ரூபா என்பது பலரும் சொல்வது, ஐந்நூறு என்போரும் உண்டு. சோதனையில் உம்மம்மாவின் சீலைமுடிச்சை அவிழ்த்துப் பார்த்தவர், "இது செல்லாத காசு, கொண்டு போங்கோ" என்று திருப்பிக் கொடுத்தார். நகை போனது, உறுதிப்பத்திரங்கள் போயின. இரண்டு செல்லாத தாள்கள் எங்களோடு புத்தளம் வந்தன. என் சேகரிப்பு தொடங்கியது அந்தச் சீலைமுடிச்சில்தான்.

இப்போது நான் தேடுவது வேறொன்று. அன்று கையில் கொண்டுவந்த அந்த நூற்றைம்பது ரூபாவில் ஒரு பத்து ரூபாத் தாளாவது யாரிடமாவது இருக்கிறதா? சேகரிப்பாளர் கண்ணில் அது சாதாரணத் தாள்; பெரிய விலை கிடைக்காது. வைத்திருப்பவர்கள் விற்கவேண்டாம், படம் எடுத்து, யார் மடியில் வந்தது என்று பின்னால் எழுதிவைத்தால் போதும். புத்தளத்திலும் யாழ்ப்பாணத்திலும் பலரிடம் கேட்டுவிட்டேன். சென்ற மாதம் ஒரு மூத்தம்மா சொன்னார்: "அது எங்க மகன் மிஞ்சினது? வவுனியா தாண்டுறத்துக்குள்ள பாணும் பால்மாவும் வாங்கி முடிஞ்சிது."