இறுதி இருநூறு மீற்றர்

ஆண்டுதோறும் யூலை மாதம் பிறந்ததும், பிரான்சு தேசத்து நாட்டுப்புற வீதிகளின் இரு மருங்கும் மக்கள் கூடி நிற்பர். தேர் வரும் வீதியிலே குழந்தை குட்டிகளுடன் காத்து நிற்கும் அடியாரைப் போல, அவர்கள் காலை முதல் காத்திருப்பது, சில விநாடிகளில் தோன்றி மறைந்துவிடும் துவிச்சக்கர வண்டி வீரரைக் காண்பதற்காகும். 1903ஆம் ஆண்டில் 'லோட்டோ' என்னும் விளையாட்டுப் பத்திரிகை தன் விற்பனையைப் பெருக்கும் நோக்குடன் தொடக்கி வைத்த இப்போட்டிக்குத் 'தூர் த பிரான்சு', அதாவது பிரான்சுச் சுற்று, என்பது பெயர். முதலாண்டில் ஆறு கட்டங்களாக 2,428 கிலோமீற்றர் தூரம் ஓடப்பட்டது. புறப்பட்டவர் 60 பேர். ஓடி முடித்தவர் 21 பேர். வெற்றி பெற்றவர் மொரீஸ் காரன்.

அக்காலத்தில் வீரர் தனித்தனியாக, நீண்ட இடைவெளி விட்டு ஊர் வந்து சேர்ந்தனர். காரன் தமக்கு அடுத்தவரை வென்றது ஏறக்குறைய மூன்று மணி நேர வேறுபாட்டில். பின்னர் வீதிகள் செம்மையுற்றன, வண்டிகள் இலகுவாயின, வீரர் அணி அணியாகச் சேர்ந்து ஓடப் பழகினர். சமதரைக் கட்டங்களில் நூறுக்கு மேற்பட்டோர் ஒரே திரளாக முடிவிடத்தை அடையும் வழக்கம் உண்டாயிற்று. மணிக் கணக்கில் தீர்மானிக்கப்பட்ட வெற்றி, சக்கரத்தின் விளிம்பினால் தீர்மானிக்கப்படலாயிற்று. இவ்விளையாட்டின் கொடிய ஆபத்துக்களில் ஒன்று பிறந்ததும் அங்கேதான்.

இறுதி விரைவோட்டம் நடைபெறும் முறையை நேயர்கள் முதலில் அறிதல் வேண்டும். வண்டியை விரைந்து செலுத்துவோனுக்குப் பெரும் பகை காற்று. இன்னொருவனின் முதுகு மறைவில் அணுக்கமாகச் செல்வோனுக்கு அப்பகை பெரிதும் தணிந்து விடுகிறது. ஆதலால் ஒவ்வோர் அணியும் தன் விரைவோட்ட வீரனைத் தோழர்களின் பின்னால் மறைத்துக் காத்து வரும். தோழர்கள் ஒருவர் பின் ஒருவராக முன்னின்று காற்றைப் பிளந்து களைத்து விலகுவர். முடிவுக்கோட்டுக்கு ஏறக்குறைய இருநூறு மீற்றர் இருக்கையில் அவ்வீரன் வெளியே பாய்வான். அப்பொழுது வேகம் மணிக்கு 65 கிலோமீற்றர் அளவில் இருக்கும். அஃதாவது விநாடிக்கு 18 மீற்றர். இருநூறு மீற்றரும் 11 விநாடிகளில் முடிந்து விடும். நிலத்தைத் தொடுவதோ இரண்டு விரல் அகலமுங்கூட இல்லாத சக்கரம். உடலை மூடியிருப்பதோ மெல்லிய சட்டை. இந்நிலையில் ஒருவன் வீழ்ந்தால் பின்வருவோனுக்குச் சிந்திக்க நேரமில்லை.

இவ்வாறு வீழ்ச்சி நேர்ந்தபோதெல்லாம் உலகம் கேட்ட முதற் கேள்வி, "குற்றவாளி யார்?" என்பதே. "அவன் ஓடிய இடம் எத்தகையது?" என்னும் கேள்வி மிகத் தாமதமாகவே எழுந்தது. முதற் கேள்வியிலிருந்து இரண்டாவது கேள்விக்கு வந்து சேர்ந்த கதையே வீரர் பாதுகாப்பின் வரலாறாகும்.

1958ஆம் ஆண்டு யூலை 19ஆந் திகதி. பாரிஸ் நகரத்துப் பார்க் தே பிரின்ஸ் ஓட்டரங்கில் சுற்றின் கடைசிக் கட்டம் முடிவடைய இருந்தது. புகழ் பெற்ற விரைவோட்ட வீரர் அந்திரே தாரிகாத் தலையைத் தாழ்த்தி முழு வேகத்தில் பாய்ந்து வந்தார். அவ்வேளையில், படம் பிடிப்போர் ஓடுபாதையை நெருங்கி விடாதபடி தடுக்க எண்ணி, ஓட்டரங்கின் பொதுச் செயலாளர் கொன்ஸ்தான் வூட்டர்ஸ் பாதையின் விளிம்புக்கு வந்தார். இருவரும் மோதினர். தாரிகாத் காயங்களுடன் தப்பினார். அடுத்த ஆண்டிலேயே உலக வீரர் பட்டத்தையும் பெற்றார். வூட்டர்ஸ் பதினொரு நாட்களின் பின் உயிர் நீத்தார். ஓட்டத்துக்குக் காவலாக நின்றவரே ஓட்டத்துக்குப் பலியானார். இங்கே குற்றவாளி யார்? வீரரும் அல்லர், செயலாளரும் அல்லர். மனிதர் நிற்கும் இடத்துக்கும் வண்டிகள் பாயும் இடத்துக்கும் இடையே ஒரு தெளிவான எல்லை இல்லாமையே அங்கு நேர்ந்த பிழை.

எல்லை வகுக்கத் தடுப்பு வேலிகள் வந்தன. ஆயின் வேலியே ஆபத்தாக மாறியதைப் பின்வந்த காலம் கண்டது. 1991ஆம் ஆண்டு யூலை 28ஆந் திகதி, பாரிஸ் நகரின் சாம்ஸ் எலிசே பெருவீதியில், தாஷ்கந்து நகரத்தவரான ஜமோலிதீன் அப்துஜபாரொவ், சிறந்த விரைவோட்ட வீரருக்குரிய பச்சை மேற்சட்டையை அணிந்தபடி வெற்றியை நோக்கி விரைந்தார். தலையைக் குனிந்து, வண்டியை இருபுறமும் ஆட்டி ஓட்டுவது அவர் இயல்பு. முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னர் அவருடைய வண்டி வீதியோரத் தடுப்பில் மோதியது. அவர் வானில் சுழன்று வீழ்ந்தார். ஓட்டத்தை முடிக்காதவருக்குப் பச்சைச் சட்டை இல்லை என்பது விதி. ஆதலின் நெடுநேரம் வீதியிற் கிடந்த அவரைத் தாங்கி நடத்திக் கோட்டைக் கடக்கச் செய்தனர். சட்டை அவருக்கே உரியதாயிற்று. அவருடைய ஓட்டும் முறையைப் பலரும் குறை கூறினர், அக்குறை பொருத்தமானதே. ஆயினும் தடுப்பு வேலியின் பாதங்கள் வீதிக்குள்ளே நீட்டி நிற்க வேண்டுமா என்று அன்று கேட்டவர் சிலரே.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1994ஆம் ஆண்டு யூலை 3ஆந் திகதி, வடபிரான்சின் அர்மந்தியேர் நகரில் ஒரு கட்டம் முடிவடைந்தது. அங்கே காவலுக்கு நின்ற பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர், வரும் திரளைப் படம் பிடிக்கும் ஆவலினால் தடுப்பு வேலியை விட்டு வீதிப்புறமாகச் சாய்ந்தார். பெல்ஜிய வீரர் வில்பிரிட் நெலிசன் அவர் மீது மோதினார். பிரான்சு வீரர் லோரன் ஜலபேர் தூக்கி எறியப்பட்டார்; அவர் முகம் சிதைந்தது, பற்கள் உடைந்தன. அடுத்த ஆண்டில் ஸ்பானியச் சுற்றில் வெற்றி பெறுமளவுக்கு ஜலபேர் மீண்டெழுந்தார். நெலிசனுக்கு அப்பேறு கிட்டவில்லை. 1996ஆம் ஆண்டில் பெல்ஜியத்தில் நடைபெற்ற இன்னொரு போட்டியில், வீதியோரத்துக் கம்பம் ஒன்றில் மோதியதோடு அவருடைய ஓட்ட வாழ்வு முடிவுற்றது. இரு முறையும் அவருடைய வழியில் நின்றது, இருக்கக் கூடாத இடத்தில் இருந்த ஒன்றே.

வீரரின் ஒழுக்கம் பற்றிய விதி இல்லாமலில்லை. விரைவோட்டம் தொடங்கியபின் தான் தெரிந்துகொண்ட நேர்வழியை விட்டு விலகிப் பிறருக்கு ஆபத்து விளைவித்தல் ஆகாது என்பது சர்வதேசச் சங்கத்தின் தெளிவான விதி. ஆயின் பதினொரு விநாடிக்குள் நிகழ்வதை நடுவர் எவ்வாறு அளப்பது? 2017ஆம் ஆண்டு யூலை 4ஆந் திகதி, வித்தெல் நகரில் மார்க் கவென்டிஷ் தடுப்பு வேலிக்கும் பீற்றர் சகானுக்கும் இடையே நுழைய முயன்று வீழ்ந்து தோட்பட்டை எலும்பு முறிந்தார். சகானின் முழங்கை நீண்டிருந்ததைப் படத்திற் கண்ட நடுவர், உலக வீரரான அவரைப் போட்டியிலிருந்தே நீக்கினர். ஐந்து மாதங்களின் பின், அது எவரும் வேண்டுமென்று செய்யாத துர்ப்பாக்கிய நிகழ்ச்சி என்று இரு தரப்பாரும் ஒப்புக்கொள்ள, வழக்கு முடிவுற்றது. முக்கிய போட்டிகளில் சலனப் படங்களை ஆராய்வதற்கெனத் தனி நடுவர் ஒருவரை அமர்த்தும் ஏற்பாடும் அப்போது அறிவிக்கப்பட்டது. அவசரத் தீர்ப்பு நீதியுமாகாது, பாதுகாப்புமாகாது என்பது அதனால் விளங்கியது.

இவை யாவற்றினும் கொடியது 2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5ஆந் திகதி போலந்துச் சுற்றில் நிகழ்ந்தது. கத்தோவித்சே நகரின் முடிவிடம் இறக்கத்தில் அமைந்திருந்தது. அங்கே வேகம் மணிக்கு 80 கிலோமீற்றரை எட்டும். ஒல்லாந்து வீரர் இருவர் முன்னணியில் வந்தனர். டிலன் குரூனவேகன் தம் நேர்வழியை விட்டு வலப்புறம் சரிந்தார். 23 வயது நிரம்பிய பாபியோ யாக்கொப்சன் தடுப்பு வேலியின் மீது நெருக்குண்டார். அவரைத் தாங்க வேண்டிய வேலி சிதறிப் பறந்தது. மருத்துவர் யாக்கொப்சனை மருந்தினால் நினைவிழக்கச் செய்து உயிர் காத்தனர். முகத்தில் மட்டும் 130 தையல்கள். பற்களில் ஒன்றே எஞ்சியது. கோட்டருகே நின்ற உத்தியோகத்தர் ஒருவரும் பலத்த காயமுற்றார்.

குரூனவேகன் செய்தது தவறு. அவரே அதனை ஒப்புக்கொண்டு வருந்தினார். ஒன்பது மாதத் தடை அவருக்கு விதிக்கப்பட்டது. அத்துடன் நில்லாமல், அவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் கொலை மிரட்டல்கள் வந்தன. வீட்டுக்குப் பொலிஸ் காவல் வேண்டியதாயிற்று. "குற்றவாளி யார்?" என்னும் கேள்வியை மட்டும் கேட்கும் சமுதாயம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இது சான்று. எனினும் இம்முறை ஓட்டவீரர் பலர் இரண்டாவது கேள்வியையும் உரத்த குரலிற் கேட்டனர். மிக வேகமாக ஓடும் போட்டியின் முடிவை இறக்கத்தில் வைத்தவர் யார்? மோதலைத் தாங்காத வேலியை நிறுத்தியவர் யார்? ஒரு மனிதன் தவறுவான் என்பதை முன்னரே எண்ணி, அத்தவறு மரணமாக முடியாதபடி இடத்தை அமைப்பதன்றோ நடத்துவோர் கடமை?

அதன்பின் மாற்றங்கள் விரைவு பெற்றன. 2021 முதல் பெல்ஜியத்தின் வசந்தகாலப் போட்டிகளில் புதுவகைத் தடுப்பு வேலிகள் நிறுத்தப்பட்டன. அவற்றின் பாதங்கள் வீதிக்குள் நீளுவதில்லை. அவற்றின் முகம் பின்புறம் சாய்ந்திருப்பதால், உரசும் வீரன் வீதிப் பக்கமே திரும்புவான். முடிவிடத்து நெரிசலைக் குறைக்க வேறொரு வழியும் உண்டு. சுற்றின் மொத்த வெற்றியை நாடுவோர், விரைவோட்டத்தில் பங்கு கொள்ளாவிடினும், திரள் பிளவுபட்டுச் சில விநாடிகளை இழந்து விடுவோமோ என்னும் அச்சத்தால் முன்வரிசையிலே நெருங்கி ஓடுவர். கடைசிக் கிலோமீற்றரில் வீழ்ந்தவருக்கு அவர் இருந்த திரளின் நேரமே வழங்கப்படும் என்ற பழைய விதி, 2005இல் கடைசி மூன்று கிலோமீற்றருக்கு விரிந்தது. 2021இல் பொந்திவி நகருக்குச் சென்ற கட்டத்தில் பலர் வீழ்ந்தபின், மறுநாள் வீரர் அனைவரும் புறப்பட்ட சிறிது தூரத்தில் வண்டிகளை நிறுத்தி மௌனமாக நின்று தம் மனக்குறையைத் தெரிவித்தனர். 2024இல் அவ்வெல்லையை ஐந்து கிலோமீற்றர் வரை நீட்டும் பரிசோதனை தொடங்கியது. அதே ஆண்டு ஓகஸ்டில் மஞ்சள் அட்டை முறையும் பரிசோதனைக்கு வந்து, 2025 தொடக்கத்திலிருந்து நடைமுறையாயிற்று. ஒரே போட்டியில் இரண்டு அட்டை பெற்றவர் அதிலிருந்து நீக்கப்படுவார். அந்த அட்டை ஓட்டவீரருக்கு மட்டுமன்றி, அணி வாகனம் செலுத்துவோர், மோட்டார் சைக்கிளில் வருவோர் ஆகியோருக்கும் உரியது என்பது கவனிக்கத் தக்கது. பொறுப்பு பலருடையது என்பதை விதிப்புத்தகம் இறுதியில் ஏற்றுக்கொண்டது.

பாதுகாப்பை வீரர் எப்போதும் விரும்பி வரவேற்றனர் என்று கூறவும் முடியாது. 1991இல் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்க முயன்றபோது, வெப்பத்தையும் பாரத்தையும் காட்டி அவர்களே வேலைநிறுத்தம் செய்தனர். 1995இல் பிரான்சுச் சுற்றின் மலை இறக்கத்தில் பாபியோ கசார்த்தெல்லியும், 2003இல் பாரிஸ்-நீஸ் போட்டியில் அந்திரேய் கிவிலெவும் தலையில் அடிபட்டு மாண்டனர். அதே 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. வெள்ளம் வருமுன் அணை கட்ட வேண்டும் என்பது முதுமொழி. இவ்விளையாட்டிலோ, ஒவ்வோர் அணையும் ஒரு வெள்ளத்தின் பின்னரே கட்டப்பட்டது.

கத்தோவித்சேயில் வீழ்ந்த யாக்கொப்சன் 2021 ஏப்ரலில் மீண்டும் வண்டி ஏறினார். அவ்வாண்டு ஸ்பானியச் சுற்றில் மூன்று கட்டங்களை வென்றார். 2022ஆம் ஆண்டு பிரான்சுச் சுற்று டென்மார்க் தேசத்திலே தொடங்கியது. யூலை 2ஆந் திகதி நீபோர் நகரில் யாக்கொப்சன் வென்றார். மறுநாள் சொன்டர்போர் நகரில் வென்றவர் குரூனவேகன். இரண்டே ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சாவின் வாயிலிலும், மற்றவர் பழியின் ஆழத்திலும் கிடந்தனர். இருவரும் மீண்டது அவர்களுடைய மனவலிமையினாலும், மருத்துவரின் திறமையினாலும், நல்லூழினாலுமாகும். 1958இல் வூட்டர்ஸ் அவர்களுக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. நல்லூழை நம்பி மனித உயிரை விடலாகாது என்பதற்காகவே விதியும் வேலியும் வேண்டியிருக்கின்றன. இன்று முடிவிடத்தில் நிற்கும் சாய்ந்த வேலியைக் காண்போர், அதனை வெறும் மரமும் இரும்புமாகக் கருதாமல், அதன் பின்னே நிற்கும் அறுபது ஆண்டு வரலாற்றையும் நினைவு கூர்வாராக.