குழந்தைக்கு உற்றுப் பார்க்கிற பழக்கம் வரணுமா? ஒரு கண்ணாடி டம்ளரும் நாலு மொச்சையும் போதும்!

அறிவியல் கிட் எதுவும் வாங்க வேண்டாம். இரவு முழுக்க ஊறிய மொச்சையை கண்ணாடி டம்ளருக்கும் ஈரப் பஞ்சுக்கும் நடுவில் செருகுங்கள். சில நாட்களில் முதலில் எட்டிப் பார்ப்பது இலை இல்லை, வேர்! ஆனால் இதை நீங்களே சொல்லிவிடாதீர்கள். "நேத்து இல்லாதது இன்னைக்கு என்ன இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வர நேரமாகும், பரவாயில்லை.

வேர் கொஞ்சம் நீண்டதும் டம்ளரைப் படுக்க வையுங்கள். ஓரிரு நாளில் வேர் நுனி வளைந்து மறுபடியும் கீழ்நோக்கிப் போகும். காரணம் புவியீர்ப்பு. 4 வயசுக்கு அந்த வார்த்தை எதற்கு? "கீழே திரும்பிடுச்சு" என்று குழந்தையே கண்டுபிடித்தால் போதும்.

கவனம்: சின்னப் பிள்ளைகள் பயறை மூக்கில், காதில் போட்டுக்கொள்வது உண்டு. ஈரம் பட்டால் அது உப்பிவிடும். பக்கத்திலேயே இருங்கள். மாட்டிக்கொண்டால் வீட்டில் நோண்டாமல் உடனே டாக்டரிடம் போங்கள்.