பட்டியல் என்கிற குடுமி

இன்டர்நெட்டில் ஓசிப் பாட்டுக்குப் பேர்போன நாப்ஸ்டரிடம் ஒரு பாட்டுகூடக் கிடையாது, தெரியுமோ? 1999-ல் ஷான் ஃபானிங் என்கிற அமெரிக்கப் பொடியன், காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு ஆரம்பித்த சமாசாரம். யார் கம்ப்யூட்டரில் எந்தப் பாட்டு இருக்கிறது என்கிற பட்டியல் மட்டும் சர்வரில் இருக்கும். கல்யாணத் தரகர் மாதிரி விலாசம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பாட்டு, அந்த வீட்டிலிருந்து நேரே உங்கள் வீட்டுக்கு.

இசைக் கம்பெனிகள் அதே டிசம்பரில் கோர்ட்டுக்குப் போயின. பட்டியல்தானே குடுமி? பிடித்து உலுக்கியதில் 2001 ஜூலையில் நாப்ஸ்டர் படுத்துவிட்டது.

ஆனால், 2000 மார்ச்சிலேயே நுட்டெல்லா வந்தாச்சு. இது மொட்டை. நடுவே சர்வரே இல்லை. உங்கள் கம்ப்யூட்டர் அக்கம்பக்கத்தைக் கேட்கும். அது தன் அக்கம்பக்கத்தை. யார்மேல் கேஸ் போடுவது?

ஜனங்கள்மேல்தான். 2003 செப்டம்பரில், முதல் தவணையாக 261 பேர். அந்த வலையில் 12 வயதுச் சிறுமி ஒருத்தியும் சிக்கினாள். அம்மா 2,000 டாலர் அழுதுவிட்டு சமரசம் பண்ணிக்கொண்டார்.