அமெரிக்க இழுவை வீடுகள்

காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும், உள்ளே படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள வண்டியே இழுவை வீடு. அமெரிக்காவில் இதனை டிராவல் டிரெய்லர் என்பர். இழுப்பதற்கு இலேசாகவும் வேண்டும், பிள்ளைகுட்டிகளோடு வாழ விசாலமாகவும் வேண்டும் என்பதே இதை வாங்கும் குடும்பத்தின் நீங்காத சிக்கல்.

1920களில் கூடாரத்தைச் சுமந்து செல்லும் சிறு டிரெய்லர்களே மிகுதி. டெட்ராய்ட் நகரின் நுண்ணுயிரியலாளர் ஆர்தர் ஷெர்மன் அப்படியொன்றை வாங்கிக் குடும்பத்தோடு விடுமுறைக்குச் சென்றார். சில நிமிடங்களில் விரித்துவிடலாம் என்று சொல்லி விற்ற கூடாரம், மழையில் லேசில் விரியவில்லை. அனைவரும் நனைந்தனர். வெறுத்துப்போன அவர், கெட்டியான சுவரும் கூரையும் கொண்ட பெட்டி போன்ற வண்டியைத் தாமே வடிவமைத்தார். பிள்ளைகள் அதற்கு 'கவர்டு வேகன்' என்று பெயர் வைத்தனர். மேற்கே குடியேறியவர்கள் ஓட்டிச்சென்ற துணிக்கூரை வண்டியின் பெயர் அது. 1930இல் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் வைக்கப்பட்ட இவ்வண்டி, பெருமந்தக் காலத்திலும் விலைபோனது. 1936இல் ஷெர்மனின் நிறுவனமே அத்தொழிலில் முதலிடம் வகித்தது. விலை சுமார் 400 டாலர்.

அன்றைய கார்களின் திறனையும் நினைவிற்கொள்ள வேண்டும். 1932இல் வெளிவந்த ஃபோர்டு வி8 காருக்கு 65 குதிரைத்திறன்தான். இன்றைய சிறிய கார்களே அதைத் தாண்டிவிடுகின்றன. எனவே எடை குறைப்பதில் விமானத் தொழிலறிவு உதவியது. லிண்ட்பெர்க் 1927இல் அட்லாண்டிக்கைக் கடந்த விமானத்தின் கட்டுமானத்தை மேற்பார்த்த ஹாலி பவுலஸ், 1934இல் அலுமினியத் தகடுகளை ரிவிட் அடித்து டிரெய்லர் செய்தார். அந்தத் தொழில் நொடித்தது. அதே வழியில் வாலி பயாம் 1936இல் வெளியிட்ட 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' நால்வர் உறங்கத் தக்கது. விலை 1,200 டாலர். ஷெர்மனின் வண்டியைப் போல மூன்று மடங்கு! இலேசான வண்டியை வசதியுள்ளவர்களே வாங்க முடிந்தது.

மொத்த எடையைப் போலவே அது அமரும் இடமும் முக்கியம். எடையில் ஏறக்குறைய 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின்மேல் அழுந்த வேண்டும். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கிக் காரையும் புரட்டிவிடும். மாட்டுவண்டியில் முன்பாரம், பின்பாரம் பார்த்து மூட்டை அடுக்கியவர்களுக்கு இது புதிய பாடமன்று.

பெருமந்தத்தில் வேலை தேடி அலைந்த குடும்பங்கள் டிரெய்லரையே வீடாக்கிக் கொண்டன. இருபது ஆண்டுகளில் அமெரிக்கர்களில் பாதிப்பேர் இவற்றில்தான் வாழ்வர் என்று ரோஜர் பாப்சன் கணித்தார். அது பலிக்கவில்லை. ஆனால் இரண்டாம் உலகப்போரில் ஆயுதத் தொழிலாளர்களைக் குடியமர்த்த அரசே டிரெய்லர்களை வாங்கிக் குவித்தது. போருக்குப் பின்னும் வீட்டுப் பற்றாக்குறை தீரவில்லை.

நிலையாக வாழ்வோருக்கு 8 அடி அகலம் பெருந்தொல்லை. பின்னறைக்குப் போக வேண்டுமானால் ஒருவர் படுத்திருக்கும் அறையின் ஊடேதான் போக வேண்டும். வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் இது எத்தனை சங்கடம்! 1954இல் விஸ்கான்சினின் எல்மர் ஃபிரே 10 அடி அகல வண்டியைக் கொண்டுவந்தார். கூடுதலான இரண்டடியில் நடைவழி அமைந்தது. அறைகளுக்குக் கதவும் மறைவும் கிடைத்தன. ஆனால் அதைக் குடும்பக் காரில் இழுக்க இயலாது. லாரியும் சிறப்பு அனுமதியும் வேண்டும். அது 'மொபைல் ஹோம்' என்னும் தனி இனமாகப் பிரிந்தது.

சுற்றுலாவுக்கான டிராவல் டிரெய்லரோ சாலை விதிக்குள்ளேயே நின்றது. இன்று அதற்குப் பொதுவான அகல வரம்பு 8 அடி 6 அங்குலம்.