நயினாதீவுச் சாசனமும் எண்ணெய்க் கப்பலும்

எண்ணெயை நம்பி வாழும் வெப்பவலய நாடுகள் இருவகைப்படும். தம் நிலத்தின்கீழ்க் கிடக்கும் எண்ணெயை விற்று வாழ்வன ஒருவகை. பிறர் நிலத்து எண்ணெயை வாங்கி இயங்குவன மற்றொருவகை. வெனிசுவேலாவும் நைசீரியாவும் முதலாவதற்கு எடுத்துக்காட்டுகள். இலங்கை இரண்டாவதைச் சார்ந்தது. விற்கும் நாடு விலையின் வீழ்ச்சிக்கு அஞ்சும். வாங்கும் நாடு விலையின் ஏற்றத்துக்கு மாத்திரமன்றிக் கப்பல் வாராதொழிதற்கும் அஞ்சும். இவ்வச்சத்தின் இயல்பை அறிய விரும்புவோர் கொழும்புத் துறைமுகத்தை நோக்குவதினும் யாழ்ப்பாணத்தின் மேற்கே கிடக்கும் நயினாதீவை நோக்குதல் பெரிதும் பயன் தரும். இலங்கை ஒரு தீவு; நயினாதீவோ அத்தீவைச் சார்ந்து நிற்கும் மற்றொரு தீவு. ஆதலின், கடல் கடந்து வரும் பொருளை நம்பி வாழ்வோரின் நிலை ஆங்கு இருமடங்காய்த் தோன்றுகின்றது.

நயினாதீவு ஏறத்தாழ நான்கு சதுரக் கிலோமீற்றர்ப் பரப்பே உடையது. சுண்ணக்கல்லின்மேல் மெல்லிய மண் படர்ந்த தாழ்நிலம்; ஆறில்லை, மலையில்லை. வாடைக்காற்றோடு வரும் மாரிமழையும், அம்மழைநீரைத் தாங்கும் கிணறுகளும், பனையும், சூழ்ந்த கடலுமே அதன் செல்வம். வேலணையும் மண்டைதீவும் பண்ணைத் தாம்போதியால் யாழ்ப்பாண நகரோடு இணைந்துள்ளன. புங்குடுதீவு மற்றொரு தாம்போதியால் வேலணையோடு இணைந்துள்ளது. புங்குடுதீவின் மேற்கு முனையாகிய குறிகட்டுவானில் தெரு முடிகின்றது. அதற்கப்பால் நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்குப் படகே வழி. தாம்போதி சென்ற தீவுகளுக்கு மின்கம்பியும் உடன் சென்றது. தாம்போதி செல்லாத தீவுகள் தத்தம் டீசல் யந்திரத்தையே மின்னுக்கு நம்பியிருக்க நேர்ந்தது. தேசிய மின்வலைக்கும் நயினாதீவுக்கும் இடையே கிடப்பது சிறிதளவு கடலே. எனினும் அச்சிறு கடலே தீவின் பொருளியலைத் தனியே பிரித்து நிறுத்திற்று.

இக்கடலின் இடர்ப்பாட்டை அரசொன்று உணர்ந்து சட்டம் செய்த வரலாறு நயினாதீவிலேயே கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. பொலநறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு வெளியிட்ட தமிழ்ச் சாசனம் நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ளது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து கூடுதல் வேண்டும் என்பதும், அவர்க்குப் பாதுகாப்பு அளித்தல் வேண்டும் என்பதும் அதன் முற்பகுதியின் கருத்து. பிற்பகுதியோ மரக்கலம் உடைந்தால் யாது செய்வது என்பதை வகுத்துரைக்கின்றது. யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் உடையுமாயின், நாலிலொரு பங்கை அரச பண்டாரம் கொண்டு, மூன்று பங்கை உடையவனுக்கு விடுதல் வேண்டும். பிற வாணிகச் சரக்கு ஏற்றிய மரக்கலம் உடையுமாயின், பாதி பண்டாரத்துக்கும் பாதி உடையவனுக்கும் ஆகும்.

இவ்விரு விதிகளுக்குமுள்ள வேறுபாடு கருதத்தக்கது. யானையும் குதிரையும் தனக்கு விருப்பமானவை என்று அரசனே காரணங் காட்டுகின்றான். அவ்விருப்பம் வெறும் அரண்மனை ஆடம்பரம் அன்று. அக்காலத்துப் படையை இயக்கிய ஆற்றல் அவ்விலங்குகளே. வெப்பமும் ஈரமும் மிக்க இந்நாட்டில் நற்குதிரை எளிதிற் பெருகாமையின், அது கடல்வழியே வந்து சேர வேண்டியிருந்தது. எப்பொருளின்றி அரசு இயங்காதோ, அப்பொருளைக் கொணரும் வணிகனின் இழப்பை அரசு குறைத்தது. கடலைக் கடக்கும் இடரை வணிகன் தலையில் மாத்திரம் சுமத்தின், அவன் அடுத்த முறை வேறு துறையை நாடுவான் என்பதை அவ்வரசு அறிந்திருந்தது. நாட்டை இயக்கும் பொருள் கடல்கடந்து வருமாயின், அதன் இடரை யார், எத்துணைப் பங்கு தாங்குவது? எட்டு நூற்றாண்டுக்கு முன்னர்க் குதிரையைப் பற்றி எழுந்த இவ்வினா இன்று எண்ணெயைப் பற்றி எழுகின்றது.

கடலை நம்பாது உள்நாட்டிலேயே அவ்வாற்றலை ஆக்கிக்கொள்ளும் முயற்சியும் இத்தீவுகளில் நிகழ்ந்தது. போர்த்துக்கேயர் ஊராத்துறையை யானை ஏற்றும் துறையாகக் கொண்டனர். துறையைக் குறிக்கும் அவர்தம் மொழிச் சொல்லே திரிந்து ‘கயிற்ஸ்’ என்னும் பெயராயிற்று. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரப் பெயர்களை இத்தீவுகளுக்கு இட்டனர். நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று, நெடுந்தீவு டெல்ப்ற் ஆயிற்று. அந்நெடுந்தீவின் புல்வெளியில் அவர்கள் குதிரை வளர்த்தனர். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலும் அவ்வளர்ப்பு நீடித்தது. இன்றும் அத்தீவில் உரிமையாளரின்றி மேயும் குதிரைகள் அம்முயற்சியின் எச்சங்களே.

இயந்திரம் வருமுன்னர் இத்தீவுகளின் பொதுமக்கள் தம் அன்றாட இயக்கத்துக்குப் பிறரை எதிர்பார்த்தாரல்லர். சோளகமும் கச்சானும் வாடையும் கொண்டலும் பாய்மரத்தை இயக்கின. தோணியும் வத்தையும் அவற்றின் பருவம் அறிந்து ஓடின. இலுப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும் விளக்கெரித்தன. துலாவில் ஏறி மிதித்தோரின் உடல்வலி நீரிறைத்தது. வடகரையின் கப்பற்கலை எத்துணை உயர்ந்திருந்தது என்பதற்கு வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் சான்றாகும். அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கிய அக்கப்பல் 1938இல் மசச்சூசெற்சு மாநிலத்துக் குளொஸ்ரர்த் துறையை அடைந்தது. காற்று விலைகொடாது கிடைத்தது உண்மை. ஆயினும் அது வேண்டும்போது வாராது. காற்று ஓய்ந்த நாளில் நோயாளியும் கரையிலே காத்திருந்தான் என்பதை மறந்து பழமையைப் போற்றுதல் வரலாற்று முறையன்று.

எண்ணெய் அக்காத்திருப்பை நீக்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் விளக்கைப் பற்றியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மோட்டார் வள்ளத்தையும் நீரிறைக்கும் யந்திரத்தையும் பற்றியது. துலா மறைந்த தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் பெருகின. மீனவர் தொலைக்கடலை அடைந்தனர். குறிகட்டுவான் பயணம் காற்றின் அருளைக் கடந்து நேர அட்டவணைக்கு உட்பட்டது. இவை பெரும் நன்மைகள். ஆயின், உழைப்பு எங்கெல்லாம் குறைந்ததோ அங்கெல்லாம் கடல்கடந்த எண்ணெய் குடிபுகுந்தது.

இக்காலத்திலேயே எண்ணெய் வாணிகத்தின்மேல் அரசின் கையும் நீண்டது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைந்தது. செல், எசோ, கல்ரெக்ஸ் ஆகிய பிறநாட்டுக் கம்பனிகளின் விற்பனை நிலையங்கள் பல அதன் வசமாயின. நட்டஈட்டுப் பிணக்கின் காரணமாக அமெரிக்க ஐக்கிய நாடு 1963 பெப்ரவரியில் தன் உதவியை நிறுத்திற்று. 1969இல் சப்புகஸ்கந்தை எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. எனினும் சுத்திகரிக்கும் ஆலை உள்நாட்டதாயினும் மசகு எண்ணெய் வெளிநாட்டதே. 1973இன் பிற்பகுதி தொடங்கிச் சில மாதங்களுள் பீப்பாய் ஒன்றின் விலை ஏறத்தாழ மூன்று டொலரிலிருந்து பன்னிரண்டு டொலர் ஆனபோது இவ்வுண்மை யாவர்க்கும் விளங்கிற்று. விற்பனை உரிமையைத் தேசியமாக்க முடிந்தது. எண்ணெய்க் கிணற்றைத் தேசியமாக்க இங்குக் கிணறு இல்லை. மன்னார்ப் பேசாலையில் 1970களிற் சோவியத்து உதவியோடு துளையிட்டும் பயனெய்தவில்லை. 2011இல் மன்னார் வடிநிலக் கடலில் இயற்கைவாயு காணப்பட்ட போதிலும் அது உடனே வாணிகப் பொருளாகவில்லை.

மின்னாக்கத்தில் மத்திய மலைநாடு நீண்டகாலம் நாட்டைக் காத்தது. இலக்சபானாவும் பின்னர் மகாவலியும் மழைநீரை மின்னாக்கின. ஆயினும் 1996இன் வரட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்றி நாடு நெடுநேர மின்வெட்டுக்கு உள்ளாகியது. அதன்பின் எண்ணெயால் இயங்கும் நிலையங்கள் பெருகின. ஆறில்லாத யாழ்ப்பாணம் தொடக்கத்திலேயே எண்ணெயைச் சார்ந்திருந்தது. சுன்னாகத்து மின்நிலையம் டீசலால் இயங்கியது. அவ்வூர்ச் சூழலிற் கிணற்றுநீரில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்று 2019இல் முடிவு பெற்றது. எண்ணெயின் விலை பணத்தால் மாத்திரம் அளக்கப்படுவதன்று என்பதைச் சுண்ணக்கல் நிலத்து மக்கள் தம் குடிநீராற் கற்றனர்.

எண்ணெய் வாராதொழியின் யாது நிகழும் என்பதை வடபுலம் 1990க்குப் பிந்திய போர்க்காலத்தில் அறிந்தது. மின்வழி அறுந்தது, புகையிரதம் நின்றது, எரிபொருள் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. சிறு போத்தலுள் சிறிதளவு மண்ணெண்ணெயும் பஞ்சுத்திரியும் இட்டு எரித்த ‘ஜாம் போத்தல் விளக்கு’ ஒரு தலைமுறை மாணவர்க்குப் படிப்பு விளக்காயிற்று. சில துளி பெற்றோலாற் கிளப்பி மண்ணெண்ணெயால் ஓட்டிய மோட்டார்ச் சைக்கிளும், துவிச்சக்கர வண்டியின் டைனமோவால் இயங்கிய வானொலியும் அக்காலத்தின் கண்டுபிடிப்புகள். இவற்றை மக்களின் மதிநுட்பம் எனப் பாராட்டுதல் தகும். ஆயின், ஒரு துறை அடைபட்ட அளவில் ஒரு சமூகம் முழுவதும் எவ்வளவு விரைவிற் பின்தள்ளப்படும் என்பதற்கும் இவையே சான்று.

வடக்கு மாத்திரம் அறிந்த இவ்விருளை நாடு முழுவதும் 2022இல் அறிந்தது. எரிபொருள் இறக்குமதிக்கு 2021இல் ஏறத்தாழ 370 கோடி டொலர் செலவாயிற்று. கையிருப்பு அந்நியச் செலாவணியோ கரைந்து வந்தது. 2022 மார்ச்சு இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. ஏப்பிரல் 12ஆம் திகதி அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துதலை இடைநிறுத்தியது. யூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றிப் பிறர்க்கு எரிபொருள் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. துறைமுகத்துக்கு அப்பால் எண்ணெய்க் கப்பல் நங்கூரமிட்டு நிற்க, அதற்குரிய டொலர் இன்மையாற் சரக்கு இறங்காத நிலையும் உண்டாயிற்று. மரக்கலம் உடையவில்லை, கடல் கொந்தளிக்கவில்லை, ஆயினும் சரக்குக் கரைசேரவில்லை.

அவ்விழப்பு எவ்வாறு பங்கிடப்பட்டது? 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே முறையில் உயர்ந்தது. பழைய விலை அடக்கவிலையை ஈடுசெய்யவில்லை என்பது உண்மை. அவ்விடைவெளியைக் கூட்டுத்தாபனத்தின் கடன் சுமந்து நின்றது. எனினும் மண்ணெண்ணெயாற் சிறுவள்ளம் ஓட்டிய தீவக மீனவனுக்கு, பல ஆண்டுகளாகத் தேங்கிய பொதுச்சுமை ஒருநாட் காலையில் வந்து தோளில் ஏறியது. பராக்கிரமபாகுவின் சட்டம் இழப்பை முன்னரே வகுத்து அறிவித்தது. இக்காலத்து ஆட்சியோ அதனை ஒளித்து வைத்துப் பின்னர் ஒருங்கே இறக்கியது. இரண்டினுள் எது நேரிய முறை என்பது சொல்லாமலே விளங்கும்.

இந்நிலையில் நயினாதீவின் பெயர் உலக அரசியலிலும் அடிபட்டது. நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு ஆகிய மூன்றிலும் காற்றும் வெயிலும் டீசலும் கலந்த மின்னமைப்பை நிறுவும் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுதவி கருதப்பட்டது. 2021 சனவரியில் அதனைச் சீனக் கூட்டுநிறுவனம் ஒன்றுக்கு வழங்க அமைச்சரவை இசைந்தது. இராமேசுவரத்துக்கு அணித்தான தீவுகள் ஆகலின் இந்தியா எதிர்த்தது. அவ்வாண்டு திசம்பரில் மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கரிசனையைக் காட்டிச் சீனத் தரப்பு பணியை நிறுத்தியது. 2022 மார்ச்சில் இந்தியா நன்கொடையாக அதனைச் செய்ய உடன்பட்டது. 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஒரு கோடியே பத்து இலட்சம் டொலர் அளவினதான அத்திட்டத்தில் 530 கிலோவாற்றுக் காற்றாலையும், 1,700 கிலோவாற்றுச் சூரிய மின்னும், 2,400 கிலோவாற்று மணித்தியாலம் சேமிக்கும் மின்கலமும் அடங்கின. அவற்றோடு 2,500 கிலோவாற்று டீசல் யந்திரமும் துணையாக வகுக்கப்பட்டது.

இவ்வெண்களுள் இறுதியானதை ஊன்றி நோக்குதல் வேண்டும். எண்ணெய் முற்றிலும் விடைபெறவில்லை. தலைமையிலிருந்து காவலுக்கு இறங்குகின்றது. பாய்மரக் காலத்துக் காற்று மீளவும் பணிக்கு அழைக்கப்படுகின்றது. அது ஓய்ந்த நாளிற் கரையிலே காத்திருக்க வேண்டாதபடி மின்கலமும் டீசலும் பின்னிற்கின்றன. பழமையும் புதுமையும் இவ்வாறு ஒன்றையொன்று தாங்குதல் நன்றே. ஆயினும் வெயிலுக்கு விலையில்லை என்பதால் மாத்திரம் தீவு தன்னுரிமை பெற்றுவிடாது. மின்கலமும் காற்றாலைச் சுழலியும் கடல்கடந்தே வருவன. பழுதாயின் அவற்றைத் திருத்தும் அறிவும் கடல்கடந்தே வருமாயின், குதிரை போய் எண்ணெய் வந்தது போல, எண்ணெய் போய்ப் பிறிதொன்று வந்ததாகவே முடியும். ஆகலின், அவற்றைப் பேணும் தொழிலறிவு தீவகத்து இளைஞரிடத்தே வேரூன்றுதல் இன்றியமையாதது.

கடல் கடக்கும் பொருளை முற்றாக விலக்கி வாழ்ந்த தீவு வரலாற்றில் அரிது. நயினாதீவுச் சாசனத்தை எழுதுவித்தவனும் மரக்கலம் உடையாது என்று கூறவில்லை. உடையும் என்று ஒப்புக்கொண்டு, உடைந்த நாளிலும் வணிகனும் நாடும் அழியாதபடி பங்கை வகுத்தான். எண்ணெயை வாங்கி வாழும் நாடொன்று அக்கல்லிலிருந்து கற்கத்தக்க பாடம் அதுவே. கப்பல் ஒருநாள் வாராதொழியும் என்று முன்னரே எண்ணி, அந்நாளின் சுமையை வலியோரும் மெலியோரும் தத்தம் அளவிற்கேற்பத் தாங்கும் வழியை வகுப்பதே பொருளியல் அறம். அவ்வறத்தைக் கொழும்பில் அளப்பதினும், தெரு முடிந்து படகு தொடங்கும் குறிகட்டுவான் துறையில் நின்று அளப்பதே பொருந்தும்.